எதை இருட்டில் விடுவது: ஒரு தெருவுக்கு ஒளி வடிவமைக்கும் முறை

நகரத்துக்கு ஒளி வடிவமைக்கக் கற்றுக்கொள்ள வருபவர்கள் முதலில் புரட்டுவது விளக்கு நிறுவனங்களின் கேட்டலாக்கைத்தான். எந்த விளக்கு, எத்தனை வாட், என்ன நிறம் என்று பேச்சு அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அப்படிப் பிறக்கும் வடிவமைப்புகள் எல்லா ஊரிலும் ஒரே சாயலில் இருக்கும்: மரத்தடியில் பச்சை, சிலைக்குக் கீழே நீலம், சுவர் முழுக்க ஒரே வெளிச்சம். கற்பனை வேலை செய்ய வேண்டிய இடம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. எதை இருட்டில் விடுவது என்பதுதான் முதல் முடிவு. மற்ற எல்லாம் அதிலிருந்து வரும்.

இங்கே சொல்லும் முறை நான்கு முதல் ஆறு பேர் கொண்ட சிறு குழுவுக்கானது. மாணவர்களாக இருக்கலாம், இளம் கட்டடக் கலைஞர்களாக இருக்கலாம். கையில் வேண்டியவை ஒரு லக்ஸ் மீட்டர் (ஒரு பரப்பில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அளக்கும் கருவி; லக்ஸ் அதன் அலகு), ஆறு டார்ச், கறுப்புத் தாள், வெள்ளைப் பென்சில், அளவு நாடா. விளக்குகளை வாங்குவது கடைசியில்தான்.

இரவில் இடத்தைப் படிப்பது

80 முதல் 100 மீட்டர் நீளமுள்ள ஒரு தெருத்துண்டு, அல்லது ஒரு சிறு சதுக்கம் போதும். அதைவிடப் பெரிதாக எடுத்தால் குழு பொதுவாகப் பேசத் தொடங்கிவிடும். இந்தத் தூண், அந்தப் படி என்று பேசாது.

ஒரே இடத்தை மூன்று வேளையில் பாருங்கள். சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பிருந்து முழு இருட்டாகும் வரை ஒரு முறை. ஆள் நடமாட்டம் அதிகமுள்ள முன்னிரவில் ஒரு முறை. பதினொரு மணிக்குப் பிறகு ஒரு முறை. மூன்றாவதைத்தான் பலரும் தவிர்ப்பார்கள். ஆனால் தெருவின் வெளிச்சத்தில் எவ்வளவு கடைகளுடையது, எவ்வளவு தெருவிளக்குகளுடையது என்பது கடைகள் மூடிய பிறகுதான் தெரியும். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை போன் திரையைப் பார்த்தாலும் அந்தப் பழக்கம் பெருமளவு போய்விடும். குறிப்புகளைத் தாளில் எழுதுங்கள்.

லக்ஸ் அளவை 2 மீட்டருக்கு ஒரு புள்ளியாகத் தரையில் எடுங்கள். அதோடு, நடப்பவர் முகத்தின் உயரத்தில், அதாவது 1.5 மீட்டரில், மீட்டரைச் செங்குத்தாகப் பிடித்தும் எடுங்கள். தரையில் நல்ல அளவு வந்தும் எதிரே வருபவரின் முகம் தெரியாத தெருக்கள் நிறைய உண்டு. நடப்பவருக்குப் பயம் வருவது முகம் தெரியாதபோதுதான். லக்ஸ் அளக்கும் போன் செயலிகளை நம்ப வேண்டாம். சாய்வாக விழும் ஒளியைச் சரியாகக் கணக்கிடும் வெள்ளைக் குமிழ் போனில் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்கள்: முழுநிலவு தரும் வெளிச்சம் ஏறத்தாழ 0.1 முதல் 0.3 லக்ஸ். நடைபாதைகளுக்கும் குடியிருப்புத் தெருக்களுக்கும் ஐரோப்பியத் தரநிலையான இ.என். 13201 வைத்திருக்கும் சராசரி, வகுப்பைப் பொறுத்து 2 முதல் 15 லக்ஸ். அலுவலக மேசைக்குச் சொல்லப்படும் 500 லக்ஸோடு பார்த்தால் இது மிகக் குறைவு. இரவில் கண்ணுக்குத் தேவைப்படுவது அதிக வெளிச்சமில்லை, சீரான வெளிச்சம். 30 லக்ஸ் வட்டத்திலிருந்து 0.5 லக்ஸ் இடைவெளிக்குள் நுழைபவர் அந்த இடைவெளியில் தடுமாறுவார். முழுவதும் 5 லக்ஸ் இருந்தால் தாராளமாக நடப்பார். உங்கள் பகுதிக்குப் பொருந்தும் விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதையில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவை எந்த அழகுக்காகவும் தொடக்கூடாது.

கண்கூச்சத்தைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். ஒரு விளக்கைப் பார்த்தபடி நின்று, கையால் அதை மட்டும் மறையுங்கள். மறைத்ததும் பின்னால் உள்ள சுவரோ ஆளோ தெளிவாகத் தெரிந்தால் அந்த விளக்கு உதவவில்லை, பார்வையைக் கெடுக்கிறது. அத்தகைய விளக்குகளையெல்லாம் வரைபடத்தில் சிவப்பால் குறியுங்கள். பல தெருக்களில் இரண்டு விளக்குகளுக்கு மறைப்பு போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொரு விஷயம், லக்ஸ் மீட்டர் சொல்லாதது. கண் பார்ப்பது மேற்பரப்பில் விழும் ஒளியை அல்ல, அதிலிருந்து திரும்பி வரும் ஒளியை. 20 லக்ஸ் வெளிச்சம் 70 சதவீதம் பிரதிபலிக்கும் வெள்ளைச் சுவரில் விழுந்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4.5 கேண்டெலா (ஒரு திசையில் செல்லும் ஒளியின் செறிவுக்கான அலகு) கிடைக்கும். அதே 20 லக்ஸ், 10 சதவீதம் மட்டுமே பிரதிபலிக்கும் கறுங்கல்லில் விழுந்தால் 0.64 தான். ஏழு மடங்கு வித்தியாசம். கறுங்கல் சிலைக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால், சிலையின் மேல் ஒளியைக் கொட்டுவதைவிடச் சுவரை லேசாக ஒளிரவிட்டுச் சிலையை நிழலுருவாகக் காட்டுவது எளிது. மின்சாரமும் குறைவு, பெரும்பாலும் அழகும் அதுதான்.

கறுப்புத் தாளில் வரைதல்

வெள்ளைத் தாளில் கறுப்புப் பென்சிலால் வரையும்போது கை பொருளை வரைகிறது. கறுப்புத் தாளில் வெள்ளைப் பென்சிலால் வரையும்போது ஒளியை மட்டுமே வரைய முடியும். தொடாத இடமெல்லாம் இருட்டாகவே இருக்கும். இந்த ஒரு மாற்றம் பலருடைய சிந்தனையைத் திருப்பிவிடுகிறது.

ஒவ்வொருவரும் ஒரே இடத்தில் நின்று, ஏ4 அளவில், 15 நிமிடத்துக்குள் ஒரு படம். முதல் படத்தில் இப்போது இருக்கும் ஒளியை அப்படியே வரையுங்கள். இரண்டாவதில் இருக்க வேண்டியதை வரையுங்கள். விதி ஒன்றுதான்: தாளில் பாதிக்கு மேல் கறுப்பாகவே இருக்க வேண்டும். இந்தத் தடை இல்லாவிட்டால் எல்லோரும் எல்லாவற்றையும் ஒளிரவைப்பார்கள்.

படங்களைப் பிரித்துப் பார்க்க, அமெரிக்க ஒளி வடிவமைப்பாளர் ரிச்சர்ட் கெல்லி 1952-இல் முன்வைத்த மூன்று வகைகள் இன்றும் உதவும். இடம் முழுவதும் பரவி வழிகாட்டும் சூழொளி. ஒன்றின் மேல் விழுந்து கண்ணை இழுக்கும் குவியொளி. தானே காட்சியாக மின்னும் ஒளி. ஒவ்வொரு படத்திலும் இந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்று குறியுங்கள். புதியவர்களின் படங்களில் மூன்றாவது வகை அளவுக்கு மீறி இருக்கும், முதல் வகை இருக்கவே இருக்காது.

டார்ச் பயிற்சி

குழுவின் கற்பனை வளர்வது இங்கேதான், ஆகவே இதற்கு இரண்டு இரவாவது ஒதுக்குங்கள். பீம் (ஒளிக்கற்றை) அகலத்தை மாற்றக்கூடிய டார்ச் ஆறு, கறுப்புத் தாளைச் சுருட்டிச் செய்த 15 சென்டிமீட்டர் குழல்கள் (பக்கவாட்டில் சிதறும் ஒளியை வெட்ட), டிரேசிங் தாள் (ஒளியை மென்மையாக்க), வெளிர் ஆரஞ்சு ஜெல் (ஒளியின் முன் வைக்கும் நிறத்தாள்) இரண்டு துண்டு. ஒரு மரம், ஒரு சொரசொரப்பான சுவர், ஒரு சிலை அல்லது தூண் என மூன்று பொருள்களைத் தேர்ந்தெடுங்கள்.

ஒருவர் மட்டும் பார்வையாளர் நிற்கும் இடத்தில் நின்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் டார்ச்சைப் பிடித்து நகர்த்த வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். டார்ச் பிடித்திருப்பவருக்குத் தன் ஒளி எப்படி இருக்கிறது என்று தெரியவே தெரியாது, அதனால் சொல்பவரின் வார்த்தைகள் துல்லியமாக வேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்பதற்குப் பொருள் இல்லை. "ஒரு அடி இடப்பக்கம், முழங்கால் உயரத்துக்கு இறக்கு" என்பதற்குப் பொருள் உண்டு.

முதலில் ஒரே டார்ச்சை வைத்து ஒரே பொருளுக்கு ஐந்து கோணங்கள் பாருங்கள். நேர் முன்னிருந்து அடித்தால் உருவம் தட்டையாகும். 45 டிகிரி பக்கவாட்டிலிருந்து, மேலிருந்து அடித்தால் மூக்கும் கன்னமும் உருவம் பெறும். தாடைக்குக் கீழிருந்து அடித்தால் எந்த நல்லவர் சிலையும் பேய்முகம் காட்டும். பின்னாலிருந்து அடித்தால் விளிம்பு மட்டும் தெரியும். சுவரை ஒட்டி அடித்தால் பூச்சின் ஒவ்வொரு மேடு பள்ளமும் வெளியே வரும். கல் சுவருக்கு அது அழகு, மோசமாகப் பூசிய சுவருக்கு அவமானம்.

பிறகு தடைகளைக் கொடுங்கள். பொருளைத் தொடாமல் அதன் பின்னணியை மட்டும் ஒளிரவைப்பது ஒன்று. ஒளி வரும் இடம் பார்வையாளருக்குத் தெரியவே கூடாது என்பது இன்னொன்று. நிழலை மட்டும் வடிவமைப்பது மூன்றாவது: கிளையின் நிழல் சுவரில் எந்த அளவில், எவ்வளவு கூர்மையாக விழ வேண்டும் என்று முதலில் தாளில் வரைந்துவிட்டு, அதை வரவழைக்க டார்ச்சை நகர்த்துவது. ஒளிமூலம் சிறியதாக இருந்து, கிளை சுவருக்குப் பக்கத்தில் இருந்தால் நிழல் கூர்மையாகும். ஒளிமூலத்தின் மேல் டிரேசிங் தாளை விரித்தால் மங்கிவிடும்.

விமர்சனத்துக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். "நன்றாக இருக்கிறது" என்று யாரும் சொல்லக்கூடாது. கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே போனது, எந்த இடத்தில் பாதை தெரியவில்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். இப்படிப் பேசினால் கூச்ச சுபாவம் உள்ளவரும் பேசுவார். குழுவில் குரல் பெரியவரின் ரசனை மட்டும் வடிவமைப்பாக மாறிவிடாது.

இந்த இரவுகளில் பிடித்துப்போன காட்சிகளை மாதிரி வடிவத்தில் சேர்த்துப் பாருங்கள். 1:50 அளவில் அட்டை மாதிரி போதும். வெள்ளை அட்டை வேண்டாம். அது ஒளியை எல்லாப் பக்கமும் திருப்பி அனுப்பி, நிஜத்தில் கிடைக்காத மென்மையைக் காட்டும். நடுத்தரச் சாம்பல் அட்டையில் 3 மில்லிமீட்டர் எல்.இ.டி.களைச் செருகிப் பாருங்கள்.

காட்சியிலிருந்து கணக்குக்கு

டார்ச் எங்கே பிடிக்கப்பட்டதோ அங்கேதான் விளக்கு வர வேண்டும். ஈபிள் கோபுரம் இதற்கு நல்ல பாடம். 1985-க்கு முன் அதற்கு வெளியிலிருந்து ஒளி பாய்ச்சினார்கள். ஒளி வடிவமைப்பாளர் பியர் பிதோ 336 சோடியம் விளக்குகளைக் கோபுரத்தின் உள்ளேயே வைத்து மேல்நோக்கித் திருப்பினார். 1985 டிசம்பர் 31 அன்று அது ஏற்றப்பட்டது. இரும்புச் சட்டங்களின் பின்னல் உள்ளிருந்து ஒளிர்ந்தது. அங்கே பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது விளக்கு நின்ற இடம்.

இடம் முடிவான பின் பீம் கோணம். வட்டத்தின் விட்டம் = 2 × தூரம் × கோணத்தில் பாதியின் டான் மதிப்பு. 10 டிகிரி பீம் 10 மீட்டர் தூரத்தில் 1.75 மீட்டர் வட்டம். 24 டிகிரி 6 மீட்டரில் 2.55 மீட்டர், 60 டிகிரி 3 மீட்டரில் 3.5 மீட்டர். பீமின் ஓரம் என்று கேட்டலாக் சொல்வது, நடுவில் உள்ள செறிவில் பாதியாகக் குறையும் இடத்தை. அதற்கு வெளியிலும் ஒளி இருக்கும். சிலையின் அகலத்துக்குச் சரியாகப் பீமைத் தேர்ந்தெடுத்தவர்கள் பின்சுவரிலும் வட்டம் விழுவதைப் பார்த்து விழிப்பது இதனால்தான்.

எத்தனை லக்ஸ் விழும் என்பதற்கு வாட்டைப் பார்க்காதீர்கள், கேண்டெலாவைப் பாருங்கள். கேண்டெலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் லக்ஸ். 4,000 கேண்டெலா விளக்கு 5 மீட்டரில் 160 லக்ஸ் தரும், 10 மீட்டரில் 40.

சுவரைச் சீராக ஒளிரவைக்க, விளக்கைச் சுவரின் உயரத்தில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வையுங்கள். 6 மீட்டர் சுவருக்கு அது 1.5 முதல் 2 மீட்டர். விளக்குகளுக்கு இடையேயும் அதே அளவுக்குள் இடைவெளி. கல்லின் சொரசொரப்பைக் காட்ட வேண்டுமென்றால் 15 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி, குறுகிய பீமில், இடைவெளியில்லாத வரிசையாக. இந்த இரண்டுக்கும் நடுவில் வைப்பது வழக்கமான தவறு: சொரசொரப்பும் தெரியாது, சீராகவும் இருக்காது, கீழே மட்டும் அரைவட்டத் திட்டுகள் வரிசையாக நிற்கும்.

சிலைக்கு மேடை ஒளியமைப்பின் பழைய முறையே போதும். அமெரிக்க மேடை ஒளியமைப்பாளர் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1930-களில் வகுத்தது: இரு பக்கத்திலிருந்தும் 45 டிகிரியில், ஒன்று வெதுவெதுப்பான நிறம், மற்றொன்று குளிர்ந்தது. வெளிப்புறத்தில் இரண்டாவதை முதலாவதில் கால் பங்குக்குக் குறைத்துக்கொண்டால் உருவம் நன்றாக நிற்கும்.

அடர்ந்த மரத்துக்கு விளக்கை இலைவிதானத்துக்கு வெளியே வையுங்கள்; இலைகள் நெருக்கமில்லாத மரத்துக்கு அடிமரத்தின் பக்கத்தில். கம்பியால் தண்டில் கட்டக்கூடாது, மரம் பருக்கும்போது கம்பி பட்டையை அறுக்கும். அசையாத நீருக்கு ஒளியே வேண்டாம். அதற்கு அப்பால் இருப்பதை ஒளிரவைத்தால் நீர் காட்டும். நுரைத்து விழும் நீர் மட்டுமே ஒளியைப் பிடிக்கும்.

நிறம்: செங்கல், மணற்கல், மரம் ஆகியவற்றுக்கு 2200 முதல் 2700 கெல்வின் (ஒளியின் நிறத்துக்கான அலகு: எண் குறைந்தால் வெதுவெதுப்பு, கூடினால் குளிர்ச்சி), சாம்பல் கல்லுக்கும் இலைக்கும் 3000 முதல் 4000. ஒரே காட்சியில் இரண்டு நிற வெப்பநிலைகளைக் கலப்பதானால் குறைந்தது 1000 கெல்வின் வேறுபாடு இருக்கட்டும். 300 கெல்வின் வேறுபாடு, யாரோ மாற்று விளக்கைத் தவறாகப் போட்டதுபோல்தான் தெரியும். முகங்கள் தெரிய வேண்டிய இடத்தில் சி.ஆர்.ஐ. (ஒளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதற்கு 100-க்குத் தரும் மதிப்பு) 80-க்குக் கீழே போகாதீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் கலந்து நிறம் மாற்றும் ஆர்.ஜி.பி. விளக்குகளை, ஒரு நிறத்துக்குக் காரணம் சொல்ல முடிந்தால் மட்டும் போடுங்கள். "மாற்றிக்கொள்ளலாமே" என்பது காரணமில்லை. மாற்ற முடியும் என்பதாலேயே மாறிக்கொண்டே இருக்கும் கட்டடங்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

ஒரு பொருளைச் சுற்றுப்புறத்தைவிட இரண்டு மடங்கு ஒளிர்வாக்கினால் வேறுபாடு தெரியவே சிரமம். ஐந்து மடங்கு தெளிவாகத் தெரியும். பத்து மடங்கு நாடகத்தனம். இதில் கவனிக்க வேண்டியது, பத்து மடங்கை எட்ட இரண்டு வழிகள் உண்டு என்பது: பொருளுக்கு ஒளியைக் கூட்டலாம், சுற்றுப்புறத்தில் குறைக்கலாம். இரண்டாவதை முதலில் முயலுங்கள்.

கணக்குகளை டயலக்ஸ் போன்ற மென்பொருளில் சரிபார்க்கலாம். சுவர், தரை பிரதிபலிப்பு மதிப்புகளை நீங்களே மாற்றிக் கொடுங்கள். அது தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்புகள் உங்கள் தெருவுடையவை அல்ல. அதன் படங்கள் எப்போதும் அழகாகவே இருக்கும், அவற்றை வைத்து முடிவெடுக்காதீர்கள். லக்ஸ் மதிப்பை நிறங்களாகக் காட்டும் படத்தைப் பாருங்கள்.

சோதனை இரவு

இரவல் வாங்கிய விளக்குகளால் உண்மையான இடத்தில் ஒரு இரவு ஏற்றிப் பார்க்காமல் எந்த வடிவமைப்பையும் முடிவு செய்யக்கூடாது. அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். கூடுமானவரை 24 வோல்ட் விளக்குகள். மெயின் மின்சாரம் எடுத்தால் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.டி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம். ஸ்டாண்டுகளின் காலில் மணல் மூட்டை, பாதையைக் கடக்கும் கேபிளின் மேல் ரப்பர் மூடி.

சுற்றிலும் உள்ள தெருவிளக்குகள் எரியும்போதே சோதியுங்கள். அவற்றை அணைத்துப் பார்த்தால் எல்லாம் அற்புதமாக இருக்கும், ஏமாற்றமும் அங்கேதான் பிறக்கும். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்தும், பேருந்து நிறுத்த இருக்கையிலிருந்தும், வண்டி ஓட்டி வருபவரின் கண் உயரத்திலிருந்தும் பாருங்கள். புகைப்படத்துக்கு கேமராவை மேனுவலில் பூட்டுங்கள்: ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 4, அரை விநாடி நல்ல தொடக்கம். தானியங்கி அமைப்பு எல்லாப் படத்தையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடும், ஒப்பீடு செத்துவிடும்.

ஒவ்வொரு விளக்கையும் மங்கலாக்கிப் பாருங்கள். கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. 50 சதவீதத்துக்கு இறக்கினால் ஏறத்தாழ 70 போலத் தோன்றும், 25-க்கு இறக்கினால் பாதி போல. பின்னிரவில் அலங்கார விளக்குகளைப் பாதியாக்கினால் யாருக்கும் பெரிதாகத் தெரியாது, மின்சாரமோ கிட்டத்தட்ட பாதி மிஞ்சும். மாற்றம் கண்ணில் படாமல் இருக்க அதை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டி மெல்லச் செய்யுங்கள்.

பொருத்தும்போது கெடுவது

பாதி கோளாறுகள் வயரில் இருக்கும். மீட்டருக்கு 14.4 வாட் உள்ள 24 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப் (பட்டை விளக்கு) 5 மீட்டர் என்றால் 72 வாட், 3 ஆம்பியர். டிரைவரிலிருந்து (விளக்குக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டி) 20 மீட்டர் தள்ளி, 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயரில் கொண்டுபோனால் சுமார் 1.45 வோல்ட் வழியிலேயே போய்விடும், அதாவது 6 சதவீதம். 2.5 வயரில் 0.9 வோல்ட்தான். இழப்பு கூடினால் ஸ்ட்ரிப்பின் கடைசி முனை மங்கும். நிறம் மாறும் வகையென்றால் வெள்ளை சிவப்பாகத் தெரியத் தொடங்கும். டிரைவரைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், அல்லது இரு முனையிலும் மின்சாரம் கொடுங்கள்.

தரையில் புதைக்கும் விளக்கில் தண்ணீர் புகுவது பெரும்பாலும் கண்ணாடி வழியாக அல்ல, கேபிள் வழியாக. எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரிகிறது. அணைந்ததும் சுருங்கி, வயரின் இழைகளுக்கு நடுவே ஈரத்தை உள்ளே இழுக்கிறது. ஐ.பி. 67 (தூசியும் நீரும் புகாது என்னும் தர எண்) முத்திரை இருந்தும் பனி படிவது இதனால். ஈரத்தைத் தடுக்கும் பசை போன்ற ஜெல் நிரப்பிய இணைப்பிகளைப் போடுங்கள். விளக்குக்கு அடியில் 30 சென்டிமீட்டர் சரளைக்கல் படுகை போட்டு நீர் வடிய வழி விடுங்கள்.

டி.எம்.எக்ஸ். (பல விளக்குகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் சிக்னல் முறை) கட்டுப்பாடு என்றால் ஒரு இணைப்பில் 512 சேனல். நான்கு நிற விளக்குக்கு நான்கு வீதம் 128 விளக்குகள். சாதாரணக் கருவிகளில் 32-ஐத் தாண்டும்போது நடுவில் ஸ்ப்ளிட்டர் (சிக்னலைப் பிரித்து அனுப்பும் கருவி) வேண்டும். வரிசையின் கடைசியில் 120 ஓம் ரெசிஸ்டர் இல்லாவிட்டால் சிக்னல் எதிரொலித்து விளக்குகள் தாமாகத் துடிக்கும். மைக் கேபிளைப் பயன்படுத்தினாலும் அதே நோய்தான்.

வானத்துக்குப் போகும் ஒளியும் கோளாறு வகையில்தான் சேரும். நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக ஏற்றப்படும் 88 தேடொளி விளக்குகளின் கற்றையில் இடம்பெயரும் பறவைகள் சிக்கிச் சுற்றுகின்றன. ஆயிரத்துக்கு மேல் எண்ணப்பட்டால் அவற்றைச் சுமார் 20 நிமிடம் அணைத்துவைக்கிறார்கள். உங்கள் தெருவில் மேல்நோக்கிய ஒவ்வொரு பீமும் ஏதாவது ஒரு பரப்பில் முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் தேன்கூட்டு மறைப்பு போடுங்கள் அல்லது விளக்கை எடுத்துவிடுங்கள். நீல ஒளி காற்றில் அதிகம் சிதறும், பூச்சிகளையும் அதிகம் இழுக்கும். நீர்நிலை, தோப்பு ஓரங்களில் 2200 கெல்வின் பாதுகாப்பான தேர்வு. ஆமைகள் முட்டையிடும் கடற்கரையில் 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட செவ்வம்பர் ஒளி மட்டுமே, அதுவும் மறைத்து.

கடைசி இரவில், எல்லாவற்றையும் குறிவைத்து இறுக்கிய பிறகு, ஒவ்வொரு விளக்கின் சாய்வு கோணத்தையும் அளந்து எழுதி, திருகின் மேல் பெயின்ட் கோடு இழுத்து, அது விழும் இடத்தைப் படமெடுத்து ஒப்படையுங்கள். துடைக்க வருபவரின் கை பட்டு விளக்கு திரும்பிவிடும். கோடு இல்லாவிட்டால் அது எங்கே பார்த்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மாற்று விளக்குகளை அதே உற்பத்தித் தொகுதியிலிருந்து வாங்கி வையுங்கள். அடுத்த தொகுதியின் 2700 கெல்வினும் 2700-தான் என்று பெட்டியில் எழுதியிருக்கும், சுவரில் பக்கத்துப் பக்கத்தில் விழும்போது இரண்டும் ஒன்றாக இருக்காது.